மூணு பந்து ஜக்ளிங் பழக எந்த மாதிரி ஆளுங்க வருவாங்க, எவங்க நிப்பாங்க?

தண்டை_ஞாயிறு:

தண்டையார்பேட்டையில ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம், பத்துப் பன்னெண்டு பேர் கூடி மூணு பந்து ஜக்ளிங் (பந்துகளைக் கீழ விடாம மாத்தி மாத்தித் தூக்கிப் போட்டுப் புடிக்கிறது) பழகுறதுக்கு ஏற்பாடு நடக்குது. கத்தி, தீப்பந்தம் எல்லாம் கிடையாது, பந்து மட்டும்தான். கட்டணமும் இல்ல. யாருக்குச் சொல்றதுன்னுதான் குழப்பம். காலேஜ் பசங்களா, ஐ.டி. ஆளுங்களா, பாக்ஸிங் பழகுற பசங்களா, ரிட்டயர் ஆனவங்களா? பொதுவா இந்தப் பொழுதுபோக்கை எந்த மாதிரி ஆளுங்க எடுத்துக்குறாங்க, எவங்க ரெண்டு வாரத்துல காணாமப் போவாங்க? 50 தாண்டின சிலரும் கேக்குறாங்க, அவங்களுக்குச் சரிப்படுமா? பந்துக்கு என்ன வழி? கடைப் பந்து வாங்குற அளவுக்கு பட்ஜெட் இல்ல.

ராயபுரம்_லைட்டு:

நோட்டீஸ்ல வெறும் 'ஜக்ளிங்'னு போட்டுடாதீங்க தலைவா. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் ஜக்ளிங்னா ஃபுட்பாலைக் கீழ விடாம கால்ல தட்டுறதுதான். பத்து பேர் ஃபுட்பால் ஷூ மாட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க. 'மூணு பந்து, கையால'ன்னு தெளிவா போடுங்க.

வர்றதுக்கு எல்லாரும் வருவாங்க. நிக்கிறவங்க யாருன்னா, கீழ விழுந்ததைக் குனிஞ்சு எடுக்க அலுத்துக்காதவங்க. சும்மா சொல்லல, கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு தடவை தூக்கிப் போட்டு, விட்டு, பொறுக்கி, மறுபடி நிமிர்ந்து நிக்க 10 விநாடின்னு வெச்சா ஒரு மணி நேரத்துக்கு 360 தடவை. முதல் வாரம் பூரா அதுதான் நடக்கும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிச்சுப் பழகினவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல. அதனால பாக்ஸிங், சிலம்பம், பறை, தவில், கீபோர்டு கத்துக்குற ஆளுங்க கிட்ட முதல்ல சொல்லுங்க.

பாக்ஸிங் பசங்களுக்கு ஒரு கொக்கியும் இருக்கு. உக்ரைன் பாக்ஸர் லோமசென்கோ டென்னிஸ் பந்தை வெச்சு ஜக்ளிங் பண்ற வீடியோவைக் காட்டினா போதும், மறுவாரம் நாலு பேர் வருவாங்க. கண்ணை ஒரே இடத்துல நிறுத்திட்டு ஓரப் பார்வையில கையை வேலை வாங்குறது அவங்களுக்கு ரிங்குலயும் உதவும். ஆனா முகத்தைக் காக்கக் கையைத் தூக்கி கார்டு போட்டே பழகினதால முழங்கையைத் தூக்கியே வெச்சிருப்பாங்க, தோளும் இறுகிக்கும். முழங்கை இடுப்பை ஒட்டி இருக்கணும்னு நாலஞ்சு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

வேடிக்கை என்னன்னா, நல்லா கிரிக்கெட் ஆடுறவங்கதான் இதுல சீக்கிரம் சலிச்சுப் போவாங்க. ஃபீல்டிங் கை சுத்தமா இருக்கும், எந்தப் பந்து எங்க போனாலும் பாய்ஞ்சு புடிச்சுடுவாங்க. அங்கதான் சிக்கல். ஜக்ளிங் புடிக்கிற ஆட்டம் இல்ல, போடுற ஆட்டம். சரியா போட்டா பந்து தானா கையில வந்து உக்காரும். தப்பா போட்டதை எல்லாம் எட்டி எட்டிப் புடிச்சுக் காப்பாத்துறவங்களுக்குப் போடுறது திருந்தவே திருந்தாது, ஆறேழு கேட்ச்லயே நின்னுடுவாங்க. 'புடிக்காத, கீழ விழட்டும், எங்க விழுதுன்னு மட்டும் பாரு'ன்னு சொல்லிப் பாருங்க. அதைக் கேக்குறவங்க தேறிடுவாங்க.

ரீல்ஸுக்காக வர்றவங்க பத்தி சொல்லத் தேவையில்ல. வரட்டும், முதல் நாள் கூட்டம் சேர்க்கவாவது உதவும்.

சைட்ஸ்வாப்_சாமி:

ஐ.டி. ஆட்களையும் கணக்கு வாத்தியார்களையும் விட்டுவிடாதீர்கள். தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் ஜக்ளிங் பைத்தியம். ஜக்ளிங் செய்யும் இயந்திரமே கட்டினார். ரொனால்ட் கிரகாம் அமெரிக்கக் கணிதக் கழகத்துக்கும் தலைவராக இருந்தார், சர்வதேச ஜக்ளர் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். எம்.ஐ.டி.யில் 1975 முதல் ஜக்ளிங் கிளப் இருக்கிறது (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் இருப்பது).

ஷானனின் சமன்பாடு எளிமையானது: (பந்து பறக்கும் நேரம் + கையில் தங்கும் நேரம்) × கைகள் = (கை காலியாக இருக்கும் நேரம் + கையில் தங்கும் நேரம்) × பந்துகள்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 60 செ.மீ. உயரம் வீசினால் பந்து 0.7 விநாடி பறக்கும். கையில் 0.3 விநாடி தங்குவதாக வைத்துக்கொண்டால், மூன்று பந்தில் ஒவ்வொரு கைக்கும் கிட்டத்தட்ட 0.37 விநாடி ஓய்வு கிடைக்கிறது. அதே உயரத்தில் ஐந்து பந்து என்றால் ஓய்வு 0.1 விநாடிதான். மனிதக் கைக்கு அது மூச்சு முட்டும். உயரத்தை இரட்டிப்பாக்கி 1.2 மீட்டர் ஆக்கினால் ஓய்வு 0.2 விநாடிக்குச் சற்று மேல் வரும். ஆனால் உயரம் கூடினால் கோணத்தில் வரும் சின்னப் பிழையும் கீழே இறங்கும்போது பெரிதாகிவிடும். மூன்று பந்து சில நாட்களில் வந்துவிடும்போது ஐந்து பந்துக்கு மாதக்கணக்கில், பலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆவது இதனால்தான். 'நேரா அஞ்சு பந்து சொல்லிக்குடுங்க' என்று வருகிறவர் நிற்க மாட்டார்.

இந்த வகை ஆட்களைப் பிடித்து வைப்பது சைட்ஸ்வாப் என்ற குறியீடு. 1980களில் பல இடங்களில் தனித்தனியாக உருவானது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் எண்: அந்தப் பந்து எத்தனை தாளம் கழித்து மறுபடி வீசப்படும் என்பது. ஒற்றைப்படை என்றால் மறு கைக்குப் போகும், இரட்டைப்படை என்றால் அதே கைக்குத் திரும்பும். எண்களின் சராசரிதான் பந்துகளின் எண்ணிக்கை. 441, 531, 423 எல்லாம் மூன்று பந்து ஆட்டங்கள். 432க்கும் சராசரி மூன்றுதான், ஆனால் ஆட முடியாது: 4, அடுத்த தாளத்தில் 3, அதற்கடுத்து 2 என்று வீசினால் மூன்றும் ஒரே தாளத்தில் ஒரே கையில் வந்து விழும். ஒரு காகிதத்தைக் கொடுத்து 'இது ஏன் முடியாது?' என்று கேட்டாலே போதும், புரோகிராமர்கள் பந்தை மறந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அது ஓர் ஆபத்தும்தான். பத்து நிமிடத்துக்கு மேல் காகிதத்தை விடாதீர்கள்.

ராயபுரம்_லைட்டு:

சாமி சார், எம்.ஐ.டி. கதை சரி. அங்க யுனிவர்சிட்டியில கிளப் ஆரம்பிச்சதால கணக்கு ஆளுங்க மாட்டினாங்க. இங்க பூங்காவுல ஆரம்பிச்சா பூங்காவுக்கு வர்றவங்கதான் மாட்டுவாங்க. ஜக்ளிங்குக்கும் மார்க்குக்கும் சம்பந்தம் இல்ல. கானா கச்சேரியில டோலக்கோ சட்டியோ அடிக்கிற பையன் 441ஐ நம்பராப் பாக்காமலே காதுல புடிச்சுடுவான். பந்து கையில விழுற சத்தத்தைக் கேளுங்க. ஒரே இடைவெளியில 'தப், தப், தப்'னு வந்தா ஆட்டம் சரி. 'தப்தப்... தப்'னு நொண்டினா ஒரு கை அவசரப்படுதுன்னு அர்த்தம். கண்ணை விடக் காதுதான் முதல்ல சொல்லும்.

சைட்ஸ்வாப்_சாமி:

ஒப்புக்கொள்கிறேன். மூன்று பந்தை இரண்டு கைகளுக்குப் பங்கு போடுவதே ஒரு திஸ்ர நடைதான் (மூன்று மூன்றாக எண்ணும் தாளம்).

கொருக்குப்பேட்டை_பிடி_டீச்சர்:

ரெண்டு பேரும் அக்காமாரையும் அம்மாமாரையும் மறந்துட்டீங்க. காயை மேல தூக்கிப் போட்டுப் புடிக்கிற அம்மானை, கழங்கு எல்லாம் நம்ம ஊர்ல பெண்கள் ஆட்டம்தானே? பிள்ளைத்தமிழ்ல பெண் பிள்ளைக்கு அம்மானைப் பருவம்னே ஒண்ணு இருக்கு. சின்ன வயசுல அஞ்சாங்கல் ஆடினவங்களுக்கு ஒரு கல் மேல இருக்கும்போதே அடுத்த வேலையை முடிக்கணும்ங்கிற அவசரக் கணக்கு கையிலயே இருக்கும். ஒத்தைக் கையில ரெண்டு பந்து போடுறது இவங்களுக்குச் சட்டுனு வரும். ஆனா ரெண்டு பழக்கத்தை மாத்தணும். அஞ்சாங்கல்ல பார்வை தரையில இருக்கும், இங்க கண் மட்டத்துல பந்து உச்சிக்குப் போற இடத்தைப் பாக்கணும். அங்க கல்லைக் கையைக் கவிழ்த்தும் புறங்கையிலயும் வாங்குவாங்க, இங்க உள்ளங்கை வானத்தைப் பாத்தே இருக்கணும்.

இன்னொண்ணு, நம்ம பசங்க எல்லாருமே முதல்ல வட்டமாத்தான் சுத்துவாங்க. வலது கை மேல போடும், இடது கை பக்கவாட்டுல நீட்டிக் குடுக்கும். பாக்க அதுதான் சுலபம்னு தோணும். உண்மையில அது கஷ்டம், ஏன்னா எல்லா உயரமும் ஒரே கை போட்டாகணும். சாமி சார் பாஷையில அது 51. நீங்க சொல்லிக் குடுக்க வேண்டியது ரெண்டு கையும் சமமா மேல போட்டு எட்டு மாதிரி குறுக்க போற ஆட்டம், கேஸ்கேட்.

வரிசை இப்படி:

முதல்ல ஒரே பந்து. முழங்கை இடுப்போட, முன்கை தரைக்குச் சமமா. பந்தைத் தொப்புள் பக்கத்துல இருந்து விடணும், கண் உயரத்துக்குப் போய் மறு கையில வெளிப்பக்கமா விழணும். உள்ள போடு, வெளிய புடி. பந்தை வாங்க கை மேல எழும்பக் கூடாது. ரெண்டு கையிலயும் 20 தடவை ஒரே உயரத்துக்குப் போற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க.

அப்புறம் ரெண்டு பந்து, கைக்கு ஒண்ணு. முதல் பந்து உச்சியில நிக்கிற கணத்துல ரெண்டாவதை அதுக்குக் கீழ, உள்பக்கமா விடணும். 'போடு, போடு, புடி, புடி'ன்னு வாயால சொல்லச் சொல்லுங்க. 'போடு, புடி, போடு, புடி'ன்னு வந்தா காத்திருந்தது அதிகம். 'போடுபோடு'ன்னு ஒட்டி வந்தா உச்சிக்கு முன்னாடியே விட்டாச்சு, ரெண்டும் நடுவுல மோதும். இதைத்தான் ரொம்ப நேரம் பழகணும். வலது கையில ஆரம்பிக்கிறது போல இடது கையிலயும் ஆரம்பிக்கணும். இடது கையில வராதவங்களுக்கு மூணாவது பந்தைத் தராதீங்க.

மூணு பந்துல ரெண்டு இருக்கிற கைதான் ஆரம்பிக்கும். ரெண்டாவது உச்சிக்குப் போனதும் மூணாவது. மூணு புடிச்சதும் நிறுத்தணும். இது முக்கியம், ஏன்னா தொடர்ந்து ஓட்டணும்னு ஆசைப்பட்டாத்தான் பதட்டம் வருது. மூணு சுத்தமா வந்தா நாலு, அப்புறம் அஞ்சு, ஆறு. ஆறு கேட்ச் வந்தா மூணு பந்தும் ரெண்டு சுத்து முடிச்சாச்சு, அதுக்கப்புறம் தானா ஓடும்.

பந்து முன்னாடி முன்னாடி போய், அதைத் துரத்தி ஆளும் முன்னாடி நடக்குற வியாதி எல்லாருக்கும் வரும். மூணாவதை அவசரமா மணிக்கட்டால தள்ளி விடுறதுதான் காரணம். செவுத்துக்கு ஒரு கை தூரத்துல நிக்க வைங்க, சரியாயிடும்.

50 தாண்டினவங்க தாராளமா வரலாம். ஜக்ளிங் பழகினா மூளையில பார்வை சம்பந்தப்பட்ட பகுதியில சாம்பல் நிறப் பொருள் கூடுதுன்னு 2004ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. மூணு மாசப் பயிற்சி, 12 பேர் பழகினாங்க, 12 பேர் பழகல. பழகுறதை விட்டதும் கூடினது குறைய ஆரம்பிச்சது. பிறகு 60 வயசை ஒட்டினவங்களை வெச்சும் பாத்தாங்க, அவங்களுக்கும் மாற்றம் தெரிஞ்சது. ஆனா 20 வயசுக்காரங்க அளவுக்குக் கை வரல. அதனால ஞாபக மறதிக்கு மருந்துன்னு யாரும் விளம்பரம் பண்ணாதீங்க, ப்ளீஸ்.

அவங்களுக்கு நிஜமான தொந்தரவு இடுப்பும் கண்ணாடியும்தான். முன்னாடி இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை, வீட்டுல கட்டில், இருந்தா குனியுற வேலை முக்கால்வாசி போயிடும். பைஃபோக்கல் போட்டவங்களுக்குக் கண்ணாடிக் கோட்டைத் தாண்டும்போது பந்து ஒரு நொடி தாவுற மாதிரி இருக்கும். தூரப் பார்வைக் கண்ணாடி தனியா இருந்தா அதைப் போட்டுக்கட்டும். மெல்லிசான துப்பட்டாத் துணியை வெச்சு மெதுவா பழக்குற முறையும் இருக்கு, ஆனா அது மூடின ஹாலுக்குள்ளதான்.

காசிமேடு_காத்து:

டீச்சர் சொன்ன துணி வெளிய எடுத்தீங்கன்னா திருவொற்றியூர் போய்த்தான் பொறுக்கணும். மத்தியானம் கடல் காத்து ஆரம்பிச்சா லேசான பந்து கூட நகரும். வளையம் வெச்சு ஆடவே முடியாது. காலையில 6லிருந்து 7.30க்குள்ள முடிச்சுடுங்க. சூரியனுக்கு முதுகு காட்டி மேற்கப் பாத்து நிக்கணும், இல்லேன்னா உச்சியில பந்து தெரியாது. ஆளுக்கு ஆள் 2 மீட்டர் இடைவெளி. மொட்டை மாடின்னா நடுவுல நில்லுங்க, கைப்பிடிச் சுவர் பக்கம் வேணாம். கீழ யாராவது தலையைத் தடவிக்கிட்டு மேல ஏறி வருவாங்க. வீட்டுக்குள்ளன்னா ஃபேனை நிறுத்திட்டுப் பழகுங்க. மூணு பந்து இறக்கையைத் தொடாது, ஆனா பதட்டத்துல போடுற பந்து தொடும்.

வெட்டுத்துணி:

பந்து சமாச்சாரத்துக்கு வருவோம். கடையில விக்கிற பீன்பேக் (உள்ள தானியம் மாதிரி நிரப்பின ஜக்ளிங் பந்து) பெரும்பாலும் 110லிருந்து 130 கிராம், குறுக்களவு 6.5 செ.மீ. சுமார். அதைத்தான் குறி வைக்கணும். வெறும் டென்னிஸ் பந்து 58 கிராம் சொச்சம்தான். கையில விழுந்ததே தெரியாது, எகிறும், விழுந்தா சாக்கடை வரைக்கும் உருளும். புதுசா பழகுறவங்க பாதி நேரம் பந்து பின்னாடி ஓடுவாங்க. சாத்துக்குடியும் வேணாம், மூணாவது தடவையே வெடிச்சுடும்.

வழி ஒண்ணு: கிரிக்கெட் ஆடித் தேஞ்ச டென்னிஸ் பந்து. கட்டரால ஒண்ணரை செ.மீ. கீறல், பக்கவாட்டுல அமுக்கினா வாய் திறக்கும். காகிதத்தைக் கூம்பா சுருட்டிச் சொருகி 50 கிராம் கேழ்வரகு போடுங்க. தளும்பத் தளும்ப நிரப்பினா கல்லு மாதிரி ஆகி மறுபடி உருள ஆரம்பிக்கும், கொஞ்சம் அமுங்குற மாதிரி விடணும். கீறல் உதட்டுல சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் தடவி, ரெண்டு நிமிஷம் காய விட்டு, அழுத்தி ஒட்டி, மேல வயர் டேப் ஒரு சுத்து. மணல் மட்டும் போடாதீங்க. அதே அளவு மணல் கேழ்வரகை விட ரெண்டு மடங்கு கனம், பந்து 150 கிராமைத் தாண்டிடும், அரை மணியில மணிக்கட்டு வலிக்கும். கடல் மணல்னா ஈரமும் சேர்ந்துக்கும்.

வழி ரெண்டு, இதுதான் நல்லது: துணிப் பை. எம்.சி. ரோடு பக்கம் டெய்லர் கடையில வெட்டு மீதி கேட்டு வாங்கலாம். பனியன் துணி இழுத்துக்கும், வேணாம். சட்டை காட்டனோ மெல்லிசான ஜீன்ஸோ எடுங்க. ஒரு பந்துக்கு 7 செ.மீ. × 17 செ.மீ. அளவுல ரெண்டு பட்டை. சுத்தி 1 செ.மீ. தையலுக்குப் போனா 5 × 15 நிக்கும். ஒரு பட்டையை 'ப' மாதிரி மடக்கி, இன்னொண்ணைக் குறுக்கால எதிர் 'ப'வாச் சேர்த்துத் தைச்சா ஆறு பக்கமும் மூடின கனசதுரம். பக்கம் 5 செ.மீ., 90 கிராம் சொச்சம் தானியம் கொள்ளும். துணியோட நூறை ஒட்டி வரும், அதுவே போதும். சதுரமா இருக்கேன்னு யோசிக்காதீங்க, ரெண்டு நாள் ஆடினா உருண்டையாயிடும். உள்பக்கம் தைச்சு, ஒரு விளிம்புல 3 செ.மீ. விட்டு, திருப்பி, நிரப்பி, வாயைக் கையால மூடணும். தையலை ரெண்டு ஓட்டு ஓட்டுங்க. ஒத்தைத் தையல் மூலையில பிரியும், கேழ்வரகு கொட்ட ஆரம்பிச்சா நிக்காது.

12 பேருக்கு 36 பந்து, உதிரி 4. மொத்தம் 40க்கு 3.6 கிலோ, நாலு கிலோ வாங்கிடுங்க. ஒவ்வொரு செட்டுலயும் மூணு நிறம் வெச்சா 'சிவப்பு உச்சிக்குப் போனதும் மஞ்சள்'னு சொல்லிக்குடுக்கச் சுலபம்.

பலூன் தோலை மேல மாட்டுற முறையும் உண்டு. நம்ம வேர்வைக்கும் வெயிலுக்கும் அது பிசுபிசுன்னு ஒட்டி, கையை விட்டுக் கிளம்பத் தாமதமாகும். ஏ.சி. ரூம்ல ஆடினா பரவாயில்ல.

தண்டை_ஞாயிறு:

எல்லாருக்கும் நன்றி. துணிப் பைதான். காலை 6.15, மேற்கப் பாத்து. நோட்டீஸ் பாக்ஸிங் கூடத்துக்கும், கானா செட்டு பசங்களுக்கும், காலையில வாக்கிங் வர்ற அக்காமாருக்கும் போகும். ஐ.டி. ஆளுங்களுக்கு 432ன்னு மட்டும் ஒரு அட்டை. கடைசியா ஒண்ணு: கேழ்வரகுக்குப் பதிலா ரேஷன் அரிசி போடலாமா? வீட்டுல சும்மா கிடக்கு.

வெட்டுத்துணி:

அரிசி வேணாம். வண்டு வைக்கும், அடிபட்டு உடைஞ்சு மாவாகித் துணி வழியா வெள்ளையா உதிரும். கேழ்வரகு சின்னது, உருண்டை, சீக்கிரம் உடையாது. கிடைக்கலன்னா தினை, சாமை. எதுவானாலும் வெறும் வாணலியில லேசா சூடு பண்ணி, நல்லா ஆறின பிறகு நிரப்புங்க. சூடாப் போட்டா உள்ள வேர்த்துப் பூஞ்சணம் புடிக்கும். மழை மாசத்துல நனைஞ்ச பந்தை வெயில்ல காய வைக்காம மூடி வெச்சா முளையே விட்டுடும்.

இன்னொண்ணு, 40 பந்தையும் துணிப்பையில கட்டி மூலையில போட்டுடாதீங்க. நம்ம ஏரியா எலிக்கு அது நாலு கிலோ விருந்து. மூடி இறுக்கமான தகர டின்னு.